சிடி மாற்றும் நேரம்

கிர்ரென்று காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். பாட்டு ஒரே இடத்தில் சிக்கித் திணறி, அப்படியே அடங்கிவிட்டது. பெடலில் இருந்த நாற்பது பெண்களின் கால்களும் ஒரு கணம் தளர்ந்தன.

சூப்பர்வைசர் வேதாசலம் எழுந்துபோய் சிடி பிளேயரின் தலையில் இரண்டு அடி வைத்தார். சிடியை எடுத்துச் சட்டையில் துடைத்துப் போட்டார். முதலாளி வீட்டில் பழசானதும் கம்பெனிக்கு வந்த பெட்டி அது. உள்ளே ஏதோ சுற்றியது, பாட்டு வரவில்லை.

"அவ்ளோதான், போய்ட்டுது. இன்னா வேடிக்கை? தைங்க, தைங்க."

எழுந்துவிட்ட பிரிஸ்கில்லா மறுபடி உட்கார்ந்தாள்.

அந்த ஷூ கம்பெனியில் ஒரு லைனுக்கு ஒரு மஞ்சள் டோக்கன். டோக்கன் கையில் இருந்தால்தான் பாத்ரூம் போகலாம். போன நேரம், வந்த நேரம் எல்லாம் வேதாசலத்தின் நோட்டில் ஏறும். மூன்றாவது தடவை கேட்டால் மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டும். ஆனால் சிடி முடிந்து அடுத்தது போடும்வரை டோக்கன் இல்லாமலே நழுவிப் போய் வரலாம். எல்லாமே கீறல் விழுந்த சிடிக்கள். வேதாசலம் ஒன்றொன்றாகத் துடைத்து, போட்டுப் பார்த்து, ஒன்று பாடுவதற்குள் ஐந்து நிமிஷம் ஓடிவிடும். அதற்குள் நாலைந்து பேர் போய் வந்துவிடுவார்கள். அவருக்கு இது தெரியுமா தெரியாதா என்று யாரும் கேட்டதில்லை.

போன மாதம் கிட்னியில் கல் என்று பிரிஸ்கில்லா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்காவிட்டால் மறுபடியும் வரும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து அவள் சிடி கணக்கில்தான் தண்ணீர் குடித்தாள்.

திங்களும் செவ்வாயும் பாட்டில்லாமல் போயின. பாட்டிலில் பாதித் தண்ணீர் அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. புதன்கிழமை இடுப்பில் அந்தப் பழைய குத்தல் லேசாகத் தலைகாட்டியது.

பக்கத்து மெஷின் மஹ்பூபி சொன்னாள். "வேதாசலத்துகிட்ட நேரா சொல்லுடி."

"ஆம்பள கிட்ட இன்னான்னுக்கா சொல்றது? ஒண்ணுக்குப் போவணும், பாட்டுப் போடுங்கன்னா?"

மஹ்பூபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சாயங்காலம் பிரிஸ்கில்லா மேசை முன்னால் போய் நின்றாள். "சார், அந்தப் பெட்டிய நான் ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போறேன். பாட்டு இல்லன்னா கை ஓட மாட்டேங்குது."

வேதாசலம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா? பாட்டு இருந்தா ஜாஸ்தி தைப்பியா?"

"ஆமா சார்."

கேட் பாஸ் எழுதிக் கொடுத்தார். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு அவள் பஜாரில் ஹயாத் பாஷாவின் ரேடியோ கடைக்கு நடந்தாள். அவர் மூடியைக் கழற்றி, ஊதி, உள்ளே விரலால் தொட்டுக் காட்டினார்.

"லென்ஸ் போய்டுச்சும்மா. இப்போ யாரு இத வச்சிருக்காங்க? தூக்கிப் போட்டுட்டு ஒரு ஸ்பீக்கர் வாங்கச் சொல்லு."

"இதான் வேணும் பாய். ஒரு சிடி பாடிட்டு நின்னா போதும்."

"நிக்கறதுக்கா ரிப்பேர் பண்றாங்க?" அவர் சிரித்தார். "கம்பெனி சாமானுக்கு நீ எதுக்கு பேஜார் ஆவற?"

அவள் பெட்டியை அவர் பக்கமே தள்ளினாள். மூலையில் கிடந்த செத்த பெட்டி ஒன்றிலிருந்து லென்ஸைக் கழற்றி மாட்டி, மறுநாள் சாயங்காலம் பாடவைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை தன் ஊரான மாதனூரிலிருந்து அதை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். லைனுக்குள் நுழைந்தபோது எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். தூணில் கறுப்பாக ஒரு புது ஸ்பீக்கர் தொங்கியது.

"வாம்மா," என்றார் வேதாசலம். "நீ சொன்னத மேனேஜர்கிட்ட அப்படியே சொன்னேன். பாட்டுப் போட்டா ஜாஸ்தி தைக்கறாங்க சார்னு. அடுத்த நாளே வாங்கிக் குடுத்துட்டாரு. பென் டிரைவ்ல மூவாயிரம் பாட்டு. சாயந்தரம் வரைக்கும் நிக்காது. டார்கெட்டும் பத்து ஜோடி ஏத்தியிருக்காரு, தெரியுமில்ல?"

கை தட்டல் நின்றது. பழைய பெட்டியை வாங்கி மேசைக்கடியில் காலால் தள்ளினார்.

எட்டரைக்குப் பாட்டு ஆரம்பித்தது. ஒன்பதரை ஆனது. பத்தரை ஆனது. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது ஏறிக்கொண்டது. பழக்கத்தில் ஒரு லிட்டரைக் குடித்துவிட்டிருந்த பிரிஸ்கில்லா முழங்கால்களை நெருக்கிக்கொண்டு தைத்தாள். மஞ்சள் டோக்கனோடு போனவள் இன்னும் திரும்பவில்லை. அவளுக்கு முன்னால் ஆறு பேர் கேட்டிருந்தார்கள். ஷூவின் மேல்பக்கத்துக்கான அப்பர் தோலில் தையல் கோணியது. பிரித்தாள், மறுபடி தைத்தாள்.

பதினொன்றரைக்கு டோக்கன் அவளிடம் வந்தது. போய்விட்டு வந்தவள், மீதித் தண்ணீரோடு பாட்டிலை மஹ்பூபியின் பக்கம் நகர்த்தினாள்.

"நீயாவது குடிக்கா. கண்ணு முன்னாடி இருந்தா எனக்குத் தாகம் எடுக்குது."

மஹ்பூபி மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் பாட்டிலைத் திருப்பித் தள்ளினாள்.

"எனக்கும் வேணான்டி. நான் திங்கக்கிழமையே நிறுத்திட்டேன்."