வெற்று மூலை

அக்காளைச் சீட்டில் வென்றவர் அந்தத் தெருவில் இல்லை. பக்கவாதத்தில் இடது கை விழுந்த பிறகு அவள் தோற்றுக்கொண்டே இருந்தாள். கேட்ட இனம் கையில் இருந்தால் அதைத்தான் இறக்க வேண்டும்; அவளோ ஆர்ட்டின் கேட்டால் இஸ்பேட் இறக்கினாள். புத்தி தடுமாறிவிட்டது, இனித் தனியே விடக் கூடாது என்று மகன் முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டான்.

தம்பி சீட்டு அச்சகத்தில் ஓவியன். அவள் ஆடும் கட்டு அவன் வரைந்ததுதான்.

"உன் ராணிக்கு மூக்கு கோணல்டா. அதான் ராஜா அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறான்" என்பாள்.

அன்றும் தோற்றாள். தம்பி அவள் கையைக் கவனித்தான். ஊரே இடது கையில் விரிக்கும்; அவளுக்கு இப்போது வலது கைதான். விரிப்பு மறுபக்கம் சாய்ந்து, சீட்டின் வலது மேல்மூலைதான் வெளியே தெரிந்தது. அங்கே ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் சீட்டின் மூலையில் எண்ணே கிடையாது. ஒற்றைக் கையில் பிடித்து ஆடத்தான் அது வந்தது. அது தெரிந்தும், படத்துக்கு இடம் வேண்டுமென்று எண்ணையும் சின்னத்தையும் எதிரெதிரான இரண்டு மூலைகளில் மட்டும் வைத்திருந்தான். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

உறுத்தியது. கூடவே நெஞ்சில் பால் வார்த்ததுபோலும் இருந்தது. கோளாறு அக்காளிடம் இல்லை, சீட்டில்.

அக்காள் மகனிடம் சொன்னான். அவன் யோசித்தான்.

"ஒரு ஆட்டம் ஆடுவோம் மாமா. தடுமாறலைன்னா அம்மா இங்கயே இருக்கட்டும்."

கட்டு முழுவதிலும் விடுபட்ட மூலைகளில் தம்பி மையால் எழுதினான். மூவரும் உட்கார்ந்தார்கள். அக்காள் விரித்துப் பார்த்து, இப்போதுதான் கண் தெரிகிறது என்றாள். மகன் இறக்கிய ராஜாவை ஏஸ் போட்டுப் பிடித்தாள். அவனே சிரித்துவிட்டான். அடுத்ததைத் தம்பி பிடித்து, ஆர்ட்டின் இறக்கினான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். கட்டைவிரலால் ஓர் இஸ்பேட்டைத் தள்ளினாள்.

"ஆர்ட்டின் இல்லியாக்கா?"

"இல்லடா. நீயே பாரு."

விரிப்பைத் தாழ்த்திக் காட்டினாள். நான்கு ஆர்ட்டின்கள், சிவப்பு மை பளிச்சென்று.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். தம்பி அவள் கையிலிருந்த சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தான். தான் எழுதாமல் விட்ட மூலை ஒன்றாவது இருக்காதா என்று.