சரணடைந்த செவலை

மாரியம்மன் சந்நிதியில் சூடத்தை உள்ளங்கையில் ஏற்றிக்கொண்டு சொன்னதாகவே இதை எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டியது ஒரு சொல் இல்லை, குறைத்ததும் இல்லை. நடந்தது ஐம்பத்தொன்றாம் வருஷம், மலாயாவில், டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டும் தம்புசாமிக்கு.

அவசரகாலம். தொழிலாளர்களின் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி, போக வர ஒரே கேட். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமென்று, வெந்த சோற்றில் ஒரு பருக்கைகூட அந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். தோட்டமே அடங்கி நடந்தது. அடங்காதவன் ஒருவன்தான்: தம்புசாமியின் நாய் வைரன்.

கேட்டில் காவலுக்கு நின்ற மலாய்க் கான்ஸ்டபிள் ஹசான் ஒருநாள் தம்புசாமியை நிறுத்தினார்.

"தம்பு, உன் வீட்டு அது இருக்கே, அது," என்று மோவாயால் லயத்துப் பக்கம் காட்டினார். "வாய் நெறைய நாசி, சோறு. கம்பிக்கு அடியில பூந்து போகுது. தினம் போகுதுலா. இன்னொரு தரம் போனா சுடணும்னு எனக்கு ஆர்டர்."

நாய் என்ற சொல்லை ஹசான் வாயால் சொல்ல மாட்டார். அவருக்குப் பிடிக்காதென்று தம்புசாமியும் அதை அவர் காதில் போட மாட்டார். அப்படி ஒரு மரியாதை இருவருக்கும் நடுவில்.

 தம்புசாமியின் பிள்ளை இல்லாத வீட்டில் வைரன்தான் பிள்ளை. மறுநாள் வெட்டு முடிந்ததும் பால் வாளியைக்கூட இறக்காமல் வைரன் போன தடத்திலேயே போனார். கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், காட்டோர மதகுக்குள், வடிகால் குழாயில், ஒரு செவலைப் பெட்டை நாய். விலா எலும்பெல்லாம் தெரிய, வயிறு மட்டும் உருண்டு கிடந்தது. வைரன் சோற்றைக் கீழே கக்கி வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பெண்பிள்ளை சாப்பிடும்போது பார்க்கக் கூடாது என்பதுபோல. 

வீட்டில் மனைவி ராமாத்தாளிடம் சொன்னார். "சோறு வெளிய போகக் கூடாது, அவ்வளவுதானே புள்ள? அவளை உள்ள கொண்டாந்துட்டா இவன் ஏன் வெளிய போறான்? சுடவும் மாட்டாங்க."

"இந்தா பாருங்க, அளந்து குடுக்கிற அரிசியில ஒருத்தனுக்கே என் பங்குல பாதி போகுது. இப்ப சம்பந்தி வீட்டாளுங்களையும் அழைச்சு வைக்கணுமாக்கும்!"

"வைரனைச் சுட்டுருவான் புள்ள."

ராமாத்தாள் அகப்பையைக் கீழே வைத்தாள். வைரன் அவள் காலடியில்தான் படுத்திருந்தான். 

"கேட்டுல கேட்டுக்கிட்டு வாங்க. கேக்காம கூட்டியாந்து, என்னையும் சேர்த்து லோரியில ஏத்தி ஜெயிலுக்கு அனுப்பிடப் போறான்."

தம்புசாமி சட்டை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார். ஹசான் கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது? யோசித்து யோசித்து, மலாய்க்காரர் வழக்கப்படி பேருக்கு முன்னால் 'சே' போட்டு, மரியாதையாகவே கேட்டார்.

"சே ஹசான், காட்டுலேருந்து ஒரு பெரம்புவான் வந்திருக்கா. பொம்பள. மதகுக்குள்ள ஒளிஞ்சிருக்கா."

கோப்பிக் குவளை கை நழுவியது. "அலாமாக்! காட்டுப் பொம்பளையா?"

"ஆமாங்க. மாசமா இருக்கா. நம்ம வைரன்தான் தெனம் சோறு கொண்டுபோய்க் குடுத்திருக்கான். எங்க வீட்டுல வெச்சுக்கலாம்னு பாக்குறேன். ராமாத்தாளும் சரின்னுட்டா."

ஹசான் விசிலை ஊதிய ஊதில் விசிலுக்குள் இருந்த பட்டாணி தெறித்து விழுந்தது.

அடுத்து மலாக்காவிலிருந்து லோரி லோரியாகப் பட்டாளம். தம்புசாமியைக் கேட் கம்பத்தில் சாய்த்து, நெஞ்சுக்கு நேரே ஒரு துப்பாக்கி. மதகைச் சுற்றிப் படுத்திருந்த சிப்பாய்களுக்கு மூச்சு விடவும் பயம். வெள்ளைக்காரக் கேப்டன் தகரக் குழாயை வாயில் வைத்து, "பெண்ணே! சரணடை! உனக்கு ஒன்றும் ஆகாது!" என்று கத்தினார். அதைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் திருப்பிக் கத்தினார்கள்.

"ஐயா, அது நாய்ங்க!" என்று தம்புசாமி கடைசியில் அந்தச் சொல்லைச் சொல்லியே விட்டார்.

"பார், தான் சோறு போட்டவளையே நாய் என்கிறான்," என்று கேப்டன் வெறுப்போடு திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் செவலை வெளியே வந்தது. வாயில் ஒரு தாள். ஆகாயவிமானத்திலிருந்து காடெங்கும் கொட்டினார்களே, 'இதோடு வருபவருக்கு உயிருக்கு ஆபத்தில்லை, சோறும் மருந்தும் உண்டு' என்ற நோட்டீஸ், அதே தாள். நேராகக் கேப்டன் முன்னால் வந்து, தாளை அவர் பூட்ஸின் மேல் வைத்தது. பிறகு பின்னங்காலில் உட்கார்ந்து முன்னங்கால் இரண்டையும் மேலே தூக்கியது.

 தம்புசாமியின் நெஞ்சுக்கு நேரே துப்பாக்கி பிடித்தவன் அதைக் கீழே போட்டான். கேப்டன் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மனிதர்களுக்கு மட்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. அச்சடித்தது அரசாங்கம். மீற முடியாது. தொப்பியைக் கழற்றிவிட்டு, "சோறு கொண்டு வா," என்றார்.

ராமாத்தாள்தான் கொண்டு வந்தாள், வாழையிலையில், கருவாட்டுக் குழம்போடு. "சர்க்காரே ஏத்துக்கிட்டாச்சு, வேணாங்கிறதுக்கு நாம யாரு?" என்றாள். சரணம்மா என்று பேரும் வைத்தாள். கேப்டன் சரணம்மாவுக்கென்று தனியாக அரிசிப் பங்கு போட்டுக் கொடுத்தார். வைரன் அதன்பின் ஒரு பருக்கையும் வெளியே கொண்டுபோகவில்லை. ஹசான் துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்தே பொழுதைப் போக்கினார். சரணம்மா போட்ட குட்டிகள், கண் திறந்த நாள் முதலே, காக்கி உடுப்பைக் கண்டால் முன்னங்காலைத் தூக்கி நின்றன.

சூடத்தை ஏற்றிக்கொண்டு சொன்னதில் ஒன்றே ஒன்று: அந்தத் தோட்டத்துக்கு முள்கம்பியும் கேட்டும் போட்டதே ஐம்பத்திரண்டாம் வருஷம்தான்.