கோட்டைத் தாண்டிய வீக்கம்

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்று மாலை கதை எழுதும் வகுப்பில் வாசித்த வரைவில் அக்காவின் வலது கால் என்று எழுதியிருந்தேன். இடது கால். திருத்திவிட்டேன்.

இந்தக் கதை வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். கைசா அக்கா என்னை ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னாள். நான் போகவில்லை. கதை எழுத உட்கார்ந்தேன்.

1

எங்கள் டுலூத் நகரத்து ஏரியின் மேல் பனி மெல்ல… [விட்டுவிட்டேன். ஏரிக்கு இதில் வேலை இல்லை.]

மறுபடி. அக்காவின் ஐஸ் ஹாக்கி அணியில் ஒரு வழக்கம். பாய்ந்து வரும் ரப்பர் வட்டைக் காலால் தடுத்துக் கன்றிப்போனால், அந்த இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுத் தேதி எழுதுவார்கள். அது அவர்களுக்குப் பதக்கம். வின்னிபெக் போட்டியில் கைசாவுக்கு இடது கெண்டைக்காலில் ஒன்று கிடைத்தது. ஏழு மணி நேரம் பேருந்தில் காலை மடக்கித் தூங்கி வந்தாள். வயது இருபத்து மூன்று. வலித்தபோது அடிபட்ட வலி என்றே நினைத்தாள்.

2

மூன்றாம் நாள் நான்தான் கவனித்து… [பொய். அடித்துவிட்டேன்.]

கவனித்தவள் கோல்கீப்பர் பிரிட்டா. பயிற்சிக்குக் கூப்பிட வந்தவள் எங்கள் வாசலில் குனிந்து பார்த்தாள்.

"ஏய், இது என்ன கால்?"

"கோடு தெரியலயா? அதான் அன்னிக்கு மூணு கோல் விட்ட."

"வாய மூடுடி. கன்னிப்போனது நாளாக ஆக உள்ள சுருங்கும். உனக்குக் கோட்டத் தாண்டி வீங்கியிருக்கு. சூடா வேற இருக்கு. வண்டில ஏறு."

"பயிற்சி?"

"நீ இல்லாமயே தோத்துக்கறோம், வா."

முழங்காலுக்குப் பின்னால் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. விட்டிருந்தால் நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்றார் மருத்துவர். எளிதில் உறையும் ரத்தம் அப்பா வழியாக வந்தது என்பது பிறகு தெரிந்தது.

3

"இவள் அழவே மாட்டாளா?" என்று வகுப்பில் கேட்டார்கள். அழுது நான் பார்த்ததில்லை. பார்க்காததை எழுதத் தயக்கமாக இருக்கிறது. பார்த்தது இது: மாத்திரை நேரம் ஒருநாளும் தவறவில்லை. இப்போதைக்கு ஆடக் கூடாது என்றதும், ஆட்டக்காரர்கள் பெஞ்சிலிருந்து பனித்தளத்துக்கு இறங்கும் கதவைத் திறந்துவிடும் வேலையை எடுத்துக்கொண்டாள். "என்னவிட வேகமா எவ திறப்பா?"

4

முடிவு ஒன்று: எனக்கும் அந்த ரத்தம்தான்.

முடிவு இரண்டு: இல்லை. [இதை எழுதியபோது நிம்மதியாக இருந்தது. திரும்பப் படித்தால், அக்கா அதில் தனியாக நிற்கிறாள்.]

அக்கா இரண்டையும் படித்தாள்.

"எழுதினா ரத்தம் மாறிடுமாடா? உனக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. கைய நீட்டு."

நீட்டினேன். முழங்கை மடிப்பில் மார்க்கரால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் தேதி எழுதினாள். நாளைய தேதி.

முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இந்த வட்டம்தான் இருக்கிறது.

நாளை, புதன்: காலை எட்டு மணி, ஆய்வகம். அரைக்கைச் சட்டை.