ஒருத்திக்கு மட்டும் இல்லை

"அங்கயே நில்லு! இன்னும் ஒரு அடி எடுத்து வெச்சே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

மாமியாரின் குரலுக்கு நர்ஸ் கேட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். கேட் திறக்கும் சத்தம் கேட்டு ஓடி வந்த குழந்தை வாசல்படி தடுக்கி விழுந்திருந்தது. முட்டி பிளந்து, ரத்தம் காலோடு வழிந்துகொண்டிருந்தது. அது இரண்டு கைகளையும் நீட்டி, "அம்மா, அம்மா" என்று அலறியது.

"தண்ணி ஊத்திக் கழுவுங்க அத்தை. மண்ணு உள்ள இருக்கு. அப்புறம் சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் பிடிங்க. அழுதா அழட்டும், விட்டுடாதீங்க."

"எங்களுக்கும் தெரியும். நாங்களும் பிள்ளை பெத்தவங்கதான்."

உள்ளேயிருந்து நாத்தனார் ஓடி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அதன் கைகள் அவளுடைய தோளுக்கு மேலாகக் கேட்டை நோக்கி நீண்டிருந்தன. கதவு சாத்திக்கொண்டது.

குழந்தைகள் மருத்துவமனையில் அன்று காலையில்தான், கட்டிலிலிருந்து விழுந்த யாரோ ஒருவருடைய பையனுக்கு அவள் கட்டுப் போட்டிருந்தாள். மடியில் உட்கார வைத்துத்தான் போட்டாள். வேறு எப்படியும் அவன் விடவில்லை.

வெளிப்புறத்து இரும்புப் படியேறி மாடி அறைக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட அறை. முன்பு அதில் உடைந்த நாற்காலிகளும் பெயின்ட் டப்பாக்களும் கிடந்தன. கொரோனா பரவ ஆரம்பித்து, அவளைக் காய்ச்சல் வார்டில் போட்டதும், "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று கணவன் அவற்றை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுக் கட்டில் போட்டுக் கொடுத்தான். அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

பிறகு மாமனார் கொரோனாவில் இறந்தார். அதற்கப்புறம் கொஞ்ச நாள் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றே விசாரித்தார்கள். அதனால் மாமியார் உரக்கப் பேச வேண்டியிருந்தது. மாடியில் எல்லாம் கேட்டது. "ஆஸ்பத்திரிலேர்ந்து கொண்டாந்து குடுத்துட்டா. என்ன செய்யறது, நம்ம தலையெழுத்து." வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கால் வைக்காதவள் எப்படிக் கொடுத்தாள் என்று ஒரே ஒரு பக்கத்து வீட்டுக்காரி மட்டும் கேட்டாள். "காத்துல வந்திருக்கும்" என்றாள் மாமியார்.

மாமனாருக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பு நடந்தது ஒன்று உண்டு. கணவன் ஒரு நண்பனின் வீட்டு விருந்துக்குப் போய்விட்டு வந்தான். சில நாள் கழித்து முனைக்கடைக்காரனோடு பெரிய சண்டை. "டூப்ளிகேட் சோப்பு விக்கறான்மா. வாசனையே இல்ல." கடைக்காரன் பிரித்து மோந்து பார்த்து, மல்லிகைப்பூக் கூடைக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கிறதே என்றானாம். கணவன் சோப்பை அவன் மேலேயே எறிந்துவிட்டு வந்தான்.

நர்ஸ் மாடிச் சுவரில் சாய்ந்து குனிந்து, "ஏங்க, ஒரு டெஸ்ட் எடுத்துடுங்களேன்" என்றாள்.

"என் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல," என்று மாமியார் கத்தினாள். "வேணும்னா அந்தச் சோப்புக்கு எடுக்கச் சொல்லு."

குழந்தை உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மாமனார்தான் அதிகம் சிரித்தார்.

*

மருத்துவமனையில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். கொரோனா வந்து போனவர்களின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கும், யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்கப் போகிறோம் என்றார் டாக்டரம்மா. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தங்களுக்கு வந்து போயிருக்க வேண்டும் என்றே ஆசைப்பட்டார்கள்.

"தெரியாமலே வந்து தெரியாமலே போகுதாம் சிஸ்டர்," என்றாள் வார்டு ஆயா. தரை துடைக்கும்போது பாடிக்கொண்டே துடைப்பதால் அவளுக்குப் பாட்டுக்கா என்று பெயர். "எவ்வளவு மரியாதையான வியாதி பாரு! எங்க வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு இதுல பாதி இருந்தா போதும்."

நர்ஸ் சிரித்தாள். ஆனால் அவளும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். வந்து போனவர்களுக்கு உடனே திரும்ப வராது, அவர்களால் மற்றவர்களுக்கும் பயமில்லை என்று கணவன் எதிலோ படித்திருந்தான். "உனக்கு வந்து போயிருந்தா நீ கீழ வந்துடலாம். அம்மாகிட்ட நான் பேசறேன்" என்று சொல்லியிருந்தான். கீழே என்றால் அவளுக்குக் குழந்தை. அது தூக்கத்தில் காலைத் தூக்கி அவள் வயிற்றின் மேல் போடும். அந்தக் கனத்தைத் தவிர அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

"உனக்கு இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "வரவே இல்ல. அந்த வார்டுல இருந்துக்கிட்டு, பெரிய விஷயம்."

அவள் முகம் வாடியதைப் பார்த்து டாக்டரம்மா குழம்பினார். "என்னம்மா, சந்தோஷப்படுவேன்னு பார்த்தா?"

"இன்னொரு தடவை பாக்க முடியுமா மேடம்?"

"பாத்தாச்சு. எந்தப் பரிசோதனையும் நூத்துக்கு நூறு கிடையாது. அதனாலதான் ரெண்டு தடவை பாத்தேன்." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காய்ச்சல் வார்டுலதான் ரொம்பக் கம்மி. நீங்கள்லாம் மாஸ்க், கையுறை எல்லாம் ஒழுங்கா போடறீங்க. ஆபீஸ் பக்கமும் கேன்டீன் பக்கமும்தான் நிறைய. வந்தவங்கள்ல பாதிப் பேர் வீட்டுலேர்ந்து வாங்கிட்டு வந்திருக்காங்க."

பாட்டுக்காவுக்கு வந்து போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து தங்கியபோது வந்திருக்க வேண்டும் என்றாள். "நான் சொன்னேன்ல சிஸ்டர், சொந்தக்காரங்க!"

நர்ஸ் மட்டும் அங்கேயே நின்றாள். "மேடம், நான் யாருக்காவது கொண்டு போய்க் குடுத்திருப்பேனா?"

"உனக்கே வராதது உன்கிட்டேர்ந்து எப்படிம்மா போகும்?"

அவள் அப்படி யோசித்ததே இல்லை. அறிவியல் படித்தவள்தான். இருந்தும் இத்தனை மாதம் மாமியார் சொன்னதில் ஒரு பங்கை அவளும் நம்பியிருந்தாள்.

வீட்டில் உள்ளவர்களையும் கூட்டி வந்தால் பார்த்துவிடலாம் என்றார் டாக்டரம்மா.

*

மாமியார் உடனே ஒப்புக்கொண்டது எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது.

"போலாம்டா," என்றாள் மகனிடம். "ரத்தம் பொய் சொல்லாதில்ல? யார் கொண்டாந்து குடுத்தாங்கன்னு தெருவுக்கே தெரியட்டும்."

நால்வரும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். குழந்தை நாத்தனாரின் மடியில் உட்கார்ந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. நர்ஸ் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். அழுது முடித்தபின் அது ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. கை நீட்டவில்லை.

முடிவைச் சொல்ல டாக்டரம்மா கணவனின் போனுக்குக் கூப்பிட்டார். அவன் எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தான். நர்ஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"உங்க நாலு பேருக்கும் எதிர்ப்புச் சக்தி இருக்கு. குழந்தைக்கும்தான். எல்லாருக்கும் வந்து போயிருக்கு, லேசா வந்ததால தெரியல. சிஸ்டருக்கு மட்டும்தான் இல்ல. அவங்க ரொம்ப ஜாக்கிரதையா இருந்திருக்காங்க. நல்லா பாத்துக்கங்க."

போன் அணைந்தது.

"அண்ணா," என்று மெதுவாக ஆரம்பித்தாள் நாத்தனார், "அப்ப நீ வாசனை தெரியலைன்னு அந்தக் கடைக்காரன்கிட்ட..."

அவன் தங்கையைப் பார்த்த பார்வையில் அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மாமியார் மகனைப் பார்த்தாள். சுவரில் இருந்த கணவரின் போட்டோவைப் பார்த்தாள். அவள் வாய் கோணியது. அந்த ஒரு கணம் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது ஜன்னலுக்கு வெளியே நின்றவளுக்கும் தெரிந்தது. ஒரே மகன். அதைத் தெரிந்துகொண்டு அவனோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது? மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்து எடுத்தபோது முகம் பழையபடி ஆகியிருந்தது.

"அப்ப இவளுக்குத்தான் இன்னும் வரல," என்றாள். "இனிமேதானே வரணும்?"

"அத்தை, உங்களுக்கெல்லாம்தான் வந்து போயிடுச்சே. நான் கீழ வந்தா இப்ப என்ன?"

"ரெண்டாவது தடவை வராதுன்னு உங்க டாக்டரம்மா சத்தியம் பண்ணுவாங்களா?"

பண்ண மாட்டார். அது நர்ஸுக்கும் தெரியும். கணவனைப் பார்த்தாள்.

அவன் மேசையிலிருந்த போனை எடுத்து, அணைந்த திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "அம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்றான். "உன் நல்லதுக்கும்தானே? எங்ககிட்டேர்ந்து உனக்கு வந்துடக் கூடாதுல்ல. ஜாக்கிரதையா பாத்துக்கச் சொல்லி அவங்களே சொல்றாங்க. மேலயே இரு. கொஞ்ச நாளைக்குத்தான்."

வந்திருந்தால் இறங்கி வரலாம் என்றவனுக்கு, வராமல் போனதும் ஒரு காரணமாகிவிட்டது. வந்திருந்தாலும் அவர்கள் வேறொரு காரணத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று படியேறும்போது அவளுக்குத் தோன்றியது. அறையை ஒழித்து ஒருத்தியை அதில் போட்டாகிவிட்டது. அவளுடைய சம்பளம் மட்டும் தவறாமல் கீழே இறங்கிவிடும்.

*

மறுநாள் அவளுக்கு விடுமுறை. சாயங்காலம் குளித்துவிட்டுத் தலை உலர்த்திக்கொண்டிருந்தபோது கீழே கேட்டருகே பேச்சுக் குரல். மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரியும்.

"நாலு பேருக்குமா வந்திருக்கு?"

"நாலு பேருக்கும். பச்சைப் பிள்ளைய கூட விடல."

"உங்க மருமகளுக்கு?"

"அவளுக்கு மட்டும் இல்ல." மாமியார் குரலைத் தாழ்த்தினாள், தாழ்த்தியும் கேட்டது. "ஆஸ்பத்திரில மாத்திரை கீத்திரை குடுத்திருப்பாங்க. தனக்கு மட்டும் போட்டுக்கிட்டா போல. வாயத் தொறந்து சொல்லணுமே! மாமனாருக்கு ஒண்ணு குடுத்திருந்தா அந்த மனுஷன் இன்னைக்கு இருந்திருப்பாரு."

"அடப்பாவமே. இப்படியும் இருப்பாங்களா?"

நர்ஸ் துண்டைக் கொடியில் போட்டாள். படியிறங்கினாள். முகக்கவசம் போட்டுக்கொண்டாள். கேட்டருகே நின்ற இருவரும் பார்க்க, வாசல்படி ஏறி உள்ளே போனாள். பக்கத்து வீட்டுக்காரி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கூடத்தில் குழந்தை தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. முட்டியில் காயம் ஆறி, தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. நாத்தனார் சமையலறை வாசலுக்கு வந்தாள். அங்கேயே நின்றுகொண்டாள்.

நர்ஸ் குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. அழவில்லை, பயப்படவும் இல்லை. கவுனின் விளிம்பைத் தூக்கி மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சுவரில் முதுகு முட்டும்வரை நகர்ந்து உட்கார்ந்தது. பிறகு, மறந்துபோன ஒருவருக்கு ஞாபகப்படுத்துவதைப் போல, துணிக்குள்ளிருந்து சொன்னது:

"நீ மேல போம்மா. இது கீழ இருக்கறவங்க வீடு."

"தெரியும்மா," என்றாள் நர்ஸ்.

எழுந்திருக்கவில்லை. கைக்கு எட்டிய ஒரு கட்டையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

குழந்தை கொஞ்ச நேரம் அதையே பார்த்தது. அப்புறம் எட்டி எடுத்து, கவுனில் நன்றாகத் துடைத்து, தன் வரிசையில் வைத்துக்கொண்டது.

வாசலில் மாமியார் மகனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. நர்ஸ் அடுத்த கட்டையை எடுத்து வைத்தாள்.