துடக்கு வீட்டுக் கார்

இந்தக் காலத்துச் சனம் செத்தவீட்டுக்கு வந்தால் முதலில் கேட்பது ஆள் எப்படிச் செத்தது என்றல்ல, காரை எங்கே விடுவது என்றுதான். இங்கிலீஸ் நாட்டு நோர்பரியில் அந்தச் சின்னத் தெருவில், வீட்டு வாசலுக்கு நேரே இரண்டு குசினிக் கதிரைகளைப் போட்டு, தம்பி யோகலிங்கத்தின் பெட்டி வருகிற வண்டிக்கு இடம் பிடித்துக்கொண்டு நின்றார் கணேசலிங்கம். வந்தவர்களில் பாதிப்பேருடன் சண்டை பிடித்தாயிற்று.

"ரெண்டு மணிக்கு ஷிப்ட் அண்ணை, கெதியாப் போயிடுவன்" என்றான் ஒருவன்.

"அப்ப நாளைக்கு வா. அவன் எழும்பியிருந்து பாத்துக்கொண்டிருப்பான்."

தண்ணீர் குடிக்க உள்ளே போய்வருவதற்குள் கதிரைகள் நடைபாதையில் ஏறியிருந்தன. அந்த இடத்தில் வீட்டு அகலத்துக்கு ஒரு கறுப்புக் கார். கூரையை மடித்துப் பின்னால் கட்டியிருந்தது. முன்விளக்கு ஒவ்வொன்றும் சோற்றுப்பானை அளவு. பக்கத்தில் கறுப்புக் கோட்டும் கையில் கடைப்பையுமாகத் தம்பியின் முதலாளி றோய்.

றோயின் ஸ்ட்ரெதம் பட்டறையில் தம்பி ஆறு வருஷம் கிடந்து உழைத்த ஜெர்மன் கார் இதுதான். ஹோர்க் என்று பெயர். ஹிட்லர் சண்டைக்கு முன்னம் செய்தது. ஆரோ பெரிய மனிதன் ஏறித் திரிந்து, சண்டை முடிய ஒரு இங்கிலீஸ் ஆமிக்காரன் கொண்டுவந்து, கெண்ட் பக்கம் ஒரு கொட்டிலில் கோழி அடைகாக்கக் கிடந்தது. உக்கிப்போன மரச்சட்டங்களைப் புதிதாகப் போட்டதும், தோல் சீற்றைத் தைத்ததும் தம்பி.

"அதில ஆர் ஆர் இருந்து என்னென்ன பாவம் செய்தாங்களோ" என்று கணேசலிங்கம் சொல்லாத நாளில்லை.

"இருந்தவன் செய்ததுக்குச் சீற் என்ன செய்யும், அண்ணை?" என்பான் அவன்.

இப்போது வீட்டுக்குள் இருந்த சனமெல்லாம் துக்கத்தை விட்டுவிட்டுக் காரைப் பார்க்க இறங்கியது.

"எடுக்கச் சொல்லு, தவம்" என்றார், வாசலுக்கு வந்த தம்பி மனைவி தவநாயகியிடம். றோய் பேசுகிற வேகத்துக்கு அவருக்கு இங்கிலீஸ் பிடிபடாது.

றோய் பையைத் திறந்து காட்டினான். உள்ளே நாலு லெமன். அவன் சொன்னதைத் தவநாயகி தமிழில் சொன்னாள்.

"கார் நாளைக்கு விடிய ஜெர்மனிக்குக் கப்பலேறுதாம், பெரியத்தான். வாங்கினவை கொண்டுபோகினம். சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைச்சு நசிக்காமல் வெளிக்கிட விடக்கூடாதெண்டு இவர் ஆசுப்பத்திரியில சொன்னவராம். ஆர்ச்வே கோயிலுக்குத் தானே கொண்டுபோக இருந்தவர். இப்ப நீங்கள்தான் வைக்கவேணுமாம்."

"துடக்கு வீட்டு வாசலில நல்ல காரியமோ? முப்பத்தொண்டு கழியட்டும்."

"அண்டைக்குக் கார் இஞ்ச இராது. அவர் கேட்டது இது ஒண்டுதான்."

கணேசலிங்கத்துக்கு றோய் மேல் ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. எண்பத்தைந்தாம் ஆண்டு பாஷை தெரியாமல் வந்திறங்கிய தம்பிக்கு வேலை கொடுத்தான். ஏன் கொடுத்தான்? நோய் வருத்தம் முற்றிய பிறகு மாடியிலிருந்து அவனைத் தூக்கி இறக்கி, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தான். சும்மா செய்வானா? ஒருநாள் எதையாவது கேட்டு வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்தும் விட்டான். கேட்டதோ இது.

"துடக்கு எங்களுக்குத்தானே. இவன் பிறத்தியான். அவனையே வைக்கச் சொல்லு."

துடக்கென்றால் செத்தவீட்டாருக்கு வருகிற தீட்டு, முப்பத்தொரு நாளைக்கு நல்ல காரியம் தொடக்கூடாது என்று தவநாயகி விளங்கப்படுத்தினாள். றோய் தலையைக் குனிந்து கேட்டான். பிறகு மெதுவாக ஏதோ சொன்னான். அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"என்னவாம்?"

"அப்பிடியெண்டால் தனக்கும் துடக்குத்தானாம். இவர் செத்ததிலயிருந்து பட்டறை திறக்கேல்லையாம். தன்னாலயும் வைக்க ஏலாதாம்."

கூட்டத்தில் ஆரோ சிரிக்க வெளிக்கிட்டு நிறுத்திக்கொண்டார்கள். கணேசலிங்கம் றோயின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். சவரம் எடுக்காத தாடையில் வெள்ளை முள். முள் குத்துகிற தன் தாடையையும் தடவினார்.

"கொண்டா."

ஒரு பழத்தை வாங்கி மணந்து பார்த்தார். "இது தேசிக்காயே? மீனுக்குப் பிழியிற சாமான்."

குனிய முடியவில்லை. மட்காட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, சில்லுச் சில்லாகப் போய் வைத்தார். கடைசிப் பழத்தை வைத்த பிறகும் கை அந்தப் பளபளப்பிலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"எடுக்கச் சொல்லு. தம்பி வரப்போறான்."

கார் சத்தமேயில்லாமல் அசைந்தது. மூன்று பழம் நசிந்தது. நாலாவது வழுக்கி, நசியாமல் நடைபாதை ஓரம் உருண்டது.

"சொன்னனான்" என்றார் கணேசலிங்கம். கதிரைகளை மறுபடி இழுத்துப் போட்டார். "தவம், பெட்டி தூக்கேக்க அவனை முன்பக்கம் பிடிக்கச் சொல்லு. எனக்குப் பக்கத்தில."

அவள் ஓம் என்பதற்குள், "செத்தவீட்டில செய்யிற வேலையே இது?" என்று முணுமுணுத்தபடி, வண்டி வருகிறதா என்று பார்க்கத் தெருமுனைக்கு நடந்தார்.