பூட்டிய வாசலில் ஐந்தாவது பத்து

லாசர் வாசல் கதவை வெளியே பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு, சந்து வழியாகச் சுற்றி வந்து பின்கதவால் தன் வீட்டுக்குள்ளேயே திருடன் மாதிரி நுழைந்தார். விளக்கை அணைத்தார். ஃபேனையும் நிறுத்தினார். அது ஓடினால் கடகடவென்று ஊரையே கூட்டும்.

அக்டோபர், செபமாலை மாதம். குப்பத்தில் சாயங்காலத்துக்கு ஒரு வீடு என்று மாதா சுரூபத்தை, சின்னச் சிலைதான், தூக்கி வருவார்கள். கூடவே பத்துப் பதினைந்து பேர் செபமாலை சொல்ல வருவார்கள். இன்று இவர் வீட்டு முறை. அது கட்டிலில் கிடந்த மனைவி தேசம்மாவுக்கும் தெரியும். பக்கவாதம் வந்து ஏழு மாதம். பெசன்ட் நகர் தெருவெல்லாம் மீன் கூவி விற்ற தொண்டையில் இப்போது ‘ஆ’ மட்டும்தான் மிச்சம். காலையிலிருந்து அவளுடைய இடது கை செபமாலையை விடவில்லை.

லாசருக்கு மாதாவோடு சண்டையில்லை, வருகிறவர்களோடுதான். வீட்டில் மூத்திர வாடை. புடவை மாற்றுவதும் அலசுவதும் அவர்தான். வலை இழுத்த கைக்கு அது படியவில்லை. எவ்வளவு தேய்த்தும் வாடை போகவில்லை. செபம் பண்ணவா வருதுங்க, மோந்து பாக்க வருதுங்க என்று நினைத்துக்கொண்டார். நாளைக்கு ஏலத் திட்டில் மீனை விட்டுவிட்டு இதைத்தான் பேசுவான்கள்.

பாட்டுச் சத்தம் வாசலில் வந்து நின்றது.

“பூட்டிக்கீதே,” என்றார் எதிர்வீட்டு ஆண்டனி. “தொறந்து இருந்தா மட்டும் வாங்கன்னா சொல்லப் போறாரு? எதுக்கு வந்தீங்கன்னுதான் கேப்பாரு.”

யாரோ சிரித்தார்கள்.

“சும்மா இருய்யா,” என்றாள் ஆரோக்கியமேரி. தேசம்மாவோடு கூடை தூக்கி மீன் விற்றவள். “அக்காவ ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய்ட்டாரோ இன்னாவோ. ஒண்டியா இன்னா பாடு படறாரோ மாமா. அவங்க முறைய தாண்டிக்கினு போவ வேணாம், இங்கயே சொல்லலாம்.”

பூட்டிய கதவுக்கு முன்னால் செபம் தொடங்கியது. மாலையின் மணிகளைப் பத்துப் பத்தாகத் தள்ளி ஐந்து பத்து சொல்ல வேண்டும். தேசம்மாவின் கைகாலுக்காக ஒரு பத்து. லாசர் மாமாவின் தெம்புக்காக ஒரு பத்து. தன் பேர் காதில் விழுந்ததும் அவருக்கு உடம்பு கூசியது. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. தேசம்மா இருட்டில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு பத்து முடிந்தது. ஐந்தாவதை வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். அதுதான் குப்பத்து வழக்கம்.

“இப்ப இன்னா பண்றது?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

“அக்கா சொல்றதா நெனச்சிக்கினு கம்முனு நிக்கலாம்,” என்றாள் ஆரோக்கியமேரி.

அலைச் சத்தம்கூட வீட்டுக்குள் கேட்டது. அப்போதுதான் கட்டிலிலிருந்து, “ஆ… ஆ…” என்று தேசம்மா ஆரம்பித்தாள். லாசரின் கை அவள் வாயைப் பொத்தப் பாதி தூரம் போய்விட்டது. அவள் தலையைத் திருப்பவில்லை. விரல் ஒரு மணியைத் தள்ளியது.

“அக்கா கொரலு,” என்றாள் வாசலில் ஆரோக்கியமேரி.

லாசர் பின்கதவால் வெளியேறி, சந்து வழியாகச் சுற்றி, சாவியோடு கூட்டத்தின் முன்னால் வந்து நின்றார். கூட்டம் விலகி வழிவிட்டது. ஆண்டனி தரையைப் பார்த்தார். இருட்டில் சாவி பூட்டில் நுழைய மாட்டேன் என்றது. ஆரோக்கியமேரி சுரூபத்தின் முன்னாலிருந்த மெழுகுவத்தியை எடுத்துப் பூட்டருகே பிடித்தாள். சூடான மெழுகு அவர் புறங்கையில் சொட்டியது. அவர் கையை இழுக்கவில்லை.

உள்ளே தேசம்மா அடுத்த மணிக்குப் போயிருந்தாள்.