தண்ணீர்த்தொட்டி நிறுத்தம்

விடிந்ததிலிருந்தே பொறியாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதினோரு மணிக்குக் கூட்டம். குடியிருப்புகளிலிருந்து துறைமுகம் வரை பேருந்துக்கென்றே தனித்தடம் போடும் திட்டம் இன்று ஒப்புதலுக்கு வருகிறது. அவளுடைய மூன்று வருட உழைப்பு. தீவு வளராது, ஜனம் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். இருப்பதோ ஒரே பெரிய சாலை. அதில் கார்களுக்கு நடுவே பேருந்து மாட்டிக்கொண்டு விழிபிதுங்குகிறது. தடம் வந்தால் பாதி நேரம் மிச்சமாகும்.

பேருந்து வேகமாகப் போக வேண்டுமென்றால் நிறுத்தங்கள் குறைய வேண்டும். நான்கை எடுத்துவிடலாம் என்று எழுதியவள் அவள்தான். அதில் ஒன்று அவள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர்த்தொட்டி நிறுத்தம். காலை ஆறிலிருந்து ஏழு வரை அங்கே ஏறுபவர்கள் மூன்றே பேர் என்று பயண அட்டை இயந்திரம் சொன்னது. சொந்த வீட்டு நிறுத்தத்துக்கே தயவு பார்க்காதவள் என்று அலுவலகத்தில் பெயர் வாங்கியிருந்தாள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்தும் இருந்தது, மறைப்பானேன்.

அவள் ஸ்கூட்டரில் போகிறவள். பேருந்தில் போகிறவள், கூடவே வசிக்கும் அக்கா. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். இந்த மாதம் நான்கு தடவை தாமதம். இன்னொரு தடவை என்றால் வேலை இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். பஸ் நிற்பதில்லை என்று அக்கா சொல்லத்தான் செய்தாள். இவள் விடவில்லை. "அந்த ஸ்டாப்ல ஏறுறதே மூணு பேருதான்க்கா. உனக்கு மட்டும் எப்படி இடமில்லாமப் போகும்? பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பு" என்று பாடம் எடுத்தாள். அக்கா அதற்குப்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வீட்டில் கால் தரிக்காமல், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஆறரைக்குத் தண்ணீர்த்தொட்டிக்கு நடந்தாள். அங்கே ஐம்பது பேராவது நின்றார்கள். முதல் பேருந்து படிக்கட்டு வரை பிதுங்கி வந்தது. ஓட்டுநர் கையை ஆட்டிவிட்டு நிற்காமல் போனார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது நின்றது. முட்டி மோதி மூன்று பேர் ஏறினார்கள், கதவு மூடிக்கொண்டது. அவளுடைய மூன்று பேர்.

மிச்சமானவர்களில் அக்காவும் நின்றாள். தங்கையைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இவள் ஓடிப்போய் ஸ்கூட்டரை எடுத்து வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு பறந்தாள். பறந்தாளாவது, அதே சாலை, அதே கார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும்போது மணி ஏழு இருபது. அக்கா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

கூட்டத்துக்கு முன் தலைமைப் பொறியாளரிடம் காலையில் பார்த்ததைப் போட்டு உடைத்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி எண்ணினால் மூன்று மாதம் தள்ளிப்போகும், இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் தடம் வந்துவிடும், நிறுத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் தாழ்ந்த குரலில். அந்த அலுவலகத்தின் 'அப்புறம்' எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாதா? இருந்தும் மனம் அலைபாய்ந்தது. தடமும் வேண்டும், தன் பெயரும் கெடக்கூடாது. அரை மணி நேரம் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

கூட்டத்தில் அவள் முறை வந்தபோது எழுந்து நின்றாள்.

"ஏறினவங்களைத்தான் மெஷின் எண்ணிச்சு. ஏற முடியாம நின்னவங்களை நாங்க யாருமே எண்ணல. நான் போய்ப் பாத்திருக்கணும், பாக்கல. தப்பு என்னோடது."

அதற்குப்பின் கேட்க வேண்டிய ஏச்செல்லாம் கேட்டாள். முடிவில், நாளைக் காலையிலிருந்து நான்கு நிறுத்தங்களிலும் ஆள் போட்டு, நிற்பவர்களையும் எண்ணுவது என்றும், தடம் அதுவரை காத்திருப்பது என்றும் தீர்மானமானது. நடுவில் அக்காவிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. எடுக்க நேரமில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். நிறுத்தம் தப்பித்தது, நாளைக்கு அவளே நேரில் நின்று எண்ணப் போகிறாள், இனி யாரையும் விட்டுவிட மாட்டார்கள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, வேலைக்குப் போட்டுப்போகும் நீலச் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"சரியா எண்ணு" என்றாள். "நாளைக்கு அங்க ஒரு ஆள் குறைவா இருக்கும்."